ஒரே சீசனில் லீக், கோப்பை இரண்டும்: எந்த டபுள் பெரியது?

இடதுவிங்

ஒரு கிளப் ஒரே சீசனில் தன் நாட்டு லீக்கையும் நாக் அவுட் (தோற்றால் வெளியேற வேண்டிய) கோப்பையையும் சேர்த்து வென்றால், அதாவது டபுள் அடித்தால், இப்போதெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சாம்பியன்ஸ் லீக்கும் கூட வந்து ட்ரெபிள் ஆனால்தான் கொண்டாட்டம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த இழை. எந்த டபுள் மிகக் கடினமானது, ஏன் என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் முதல் டபுள் பிரஸ்டன் நார்த் எண்டுடையது, 1888-89. லீக் தொடங்கிய முதல் சீசனே அதுதான். 22 லீக் ஆட்டங்களில் 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் 5 ஆட்டம், ஒரு கோல்கூட வாங்கவில்லை. பெரிய சாதனைதான். ஆனால் மொத்தமே 27 ஆட்டங்கள். 1970-71ல் ஆர்சனல் லீக்கில் 42, கோப்பையில் மூன்று ரீப்ளே (டிரா ஆனதால் மீண்டும் ஆடியவை) உட்பட 9, ஆக 51 ஆட்டங்கள் ஆடி இரண்டையும் எடுத்தது. லீக் கோப்பை என்ற இன்னொரு நாக் அவுட் போட்டியும் ஐரோப்பிய ஆட்டங்களும் தனி.

என் ஓட்டு அந்த ஆர்சனலுக்கு. ஆட்டங்களின் எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை, 1971 மே 3, திங்கட்கிழமை இரவுக்காக. கடைசி லீக் ஆட்டம், அதுவும் பரம எதிரி டாட்டன்ஹாமின் மைதானத்தில். லீட்ஸ் தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு 64 புள்ளிகளோடு காத்திருக்கிறது. ஆர்சனலுக்கு 63. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான். புள்ளி சமமானால் கோல் சராசரி பார்ப்பார்கள்: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். லீட்ஸ் 72 அடித்து 30 வாங்கியிருந்தது, 2.40. ஆர்சனல் 70 அடித்து 29 வாங்கியிருந்தது, 2.41. ஆக 0-0 டிரா என்றால் ஆர்சனல் சாம்பியன். 1-1 டிரா என்றால் 71ஐ 30ஆல் வகுக்க 2.37 வரும், லீட்ஸ் சாம்பியன்!

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது ரே கென்னடி தலையால் முட்டி கோல் போட்டார். ஆனால் அந்தக் கோலால் ஆர்சனலுக்குப் பாதுகாப்பு துளியும் கூடவில்லை. அதற்கு முன்பு ஒரு கோல் வாங்கினாலும் பட்டம் போயிருக்கும், அடித்த பிறகு ஒரு கோல் வாங்கினாலும் போயிருக்கும். மிச்ச நிமிடங்களை அப்படியே தாக்குப்பிடித்தார்கள். ஐந்தே நாள் கழித்து லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலோடு கோப்பை இறுதி. கூடுதல் நேரத்தில் ஹைவே லிவர்பூலுக்காக அடிக்க, எடி கெல்லி சமன் செய்ய, சார்லி ஜார்ஜ் முடித்துவைத்தார், 2-1.

இன்றைக்கு ஒரு நாட்டில் ஒரே பணக்கார கிளப் வருடா வருடம் லீக்கை எடுக்கிறது, கூடவே கோப்பையையும் அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோல்லைன்

பிரஸ்டனை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள் நண்பரே. எத்தனை ஆட்டம் என்பது அவர்கள் கையில் இல்லை. இருந்த ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காமல் இரண்டையும் வென்றார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷன் லீக்கை அதற்குப் பிறகு தோல்வியே இல்லாமல் முடித்தது 2003-04 ஆர்சனல் மட்டும்தான். அந்த அணியும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 1-0 என்று தோற்று வெளியேறியது. அப்படிப் பார்த்தால் பிரஸ்டன் செய்ததை இங்கே வேறு யாரும் செய்யவே இல்லை.

மூன்றாவதுசுற்று

1970-71 பற்றிப் பேசும்போது அதற்கு முந்தைய டபுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கிற ஒரு மனிதர் இருக்கிறார்.

ஆஸ்டன் வில்லா 1896-97ல் டபுள் அடித்த பிறகு 64 வருடம் யாராலும் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இது நடக்கவே நடக்காது என்றே பலர் நம்பினார்கள். சண்டர்லாண்ட் 1913ல் லீக்கை வென்றும் கோப்பை இறுதியில் வில்லாவிடம் தோற்றது. 1957ல் மான்செஸ்டர் யுனைடெட் லீக் சாம்பியனாக இறுதிக்கு வந்தது, எதிரில் மறுபடியும் வில்லா. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் வில்லாவின் மெக்பார்லண்ட் மோதியதில் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டுக்குக் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. தடுப்பாட்டக்காரர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கையுறை மாட்டிக்கொண்டு கோல் காத்தார். மோதிய அதே மெக்பார்லண்டே இரண்டு கோல் அடித்தார், வில்லா 2-1. யுனைடெட்டின் டபுள் அந்த ஒரு மோதலிலேயே போய்விட்டது.

நான்கு வருடம் கழித்து 1960-61ல் அந்த 64 வருடத் தடையை உடைத்தது டாட்டன்ஹாம். தொடக்கத்திலேயே வரிசையாக 11 வெற்றி, லீக்கில் மொத்தம் 115 கோல். கேப்டன் டேனி பிளாஞ்ச்ஃபிளவர், 1957ல் கோல் காத்த ஜாக்கியின் அண்ணன்! 1961 கோப்பை இறுதியிலும் ஒரு காயம். இந்த முறை எதிரணிக்கு. லெஸ்டரின் லென் சாமர்ஸ் ஆரம்பத்திலேயே காலில் அடிபட்டு, ஏறக்குறைய நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். டாட்டன்ஹாம் 2-0. தம்பியின் அணியிடமிருந்து டபுளைப் பறித்த அதே விதி அண்ணனுக்கு அதைக் கொடுத்தது.

அன்றைக்குத் தோற்ற லெஸ்டர் அணியில் ஃபிராங்க் மெக்லின்டாக் என்ற இளைஞர் இருந்தார். பத்து வருடம் கழித்து ஆர்சனல் டபுள் அடித்தபோது கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் அவர்தான். இடையில் வெம்ப்ளியில் இன்னும் மூன்று இறுதிகளில் தோற்றிருந்தார். இன்னொரு அணி டபுள் வாங்குவதை எதிரில் நின்று பார்த்தவர், பிறகு தானே அதை வாங்கியவர். எனக்கு ஆர்சனலின் டபுள் பெரிதாகத் தெரிவது கோல் சராசரியை விட இந்த மனிதருக்காகத்தான்.

அட்டவணைப்பிரியன்

இடதுவிங் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணக்கார கிளப் லீக்கோடு கோப்பையையும் அள்ளிக்கொண்டு போகிறது என்றார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை வரிசையாக 11 லீக் பட்டம் வென்றது. அந்த 11ல் ஜெர்மன் கோப்பையும் சேர்ந்து வந்தது 2013, 2014, 2016, 2019, 2020. ஐந்து முறைதான்.

இத்தாலியின் யுவென்டஸ் 2012 முதல் 2020 வரை வரிசையாக 9 பட்டம். டபுள் 2015 முதல் 2018 வரை, நான்கு.

செல்டிக் அதே வருடங்களில் 9 பட்டம். ஸ்காட்டிஷ் கோப்பையோடு சேர்ந்தது 2013, பிறகு 2017 முதல் 2020 வரை, ஐந்து.

பி.எஸ்.ஜி. (பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன்) 2013 முதல் 2025 வரை 11 பட்டம். பிரெஞ்சுக் கோப்பையோடு சேர்ந்தது 2015, 2016, 2018, 2020, 2024, 2025. ஆறு.

நான்கு நாடுகள், நான்கு ராட்சச கிளப்புகள், எல்லோருக்கும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. லீக்கில் மற்றவர்களை மூச்சுவிட விடாத அணிகளுக்கே இந்த நிலை. 34, 38 ஆட்டங்களில் ஒரு மோசமான நாள் வந்தால் அடுத்த வாரம் சரிக்கட்டிவிடலாம். கோப்பையில் அடுத்த வாரம் என்ற ஒன்றே இல்லை. பயர்ன் 2020-21ல் இரண்டாம் டிவிஷன் ஹோல்ஸ்டைன் கீலிடம் பெனால்டியில் வெளியேறியது, அடுத்த சீசனில் மோன்சென்கிளாட்பாக்கிடம் 5-0 என்று அடிவாங்கியது. இரண்டு வருடமும் லீக் பட்டம் அவர்களுக்குத்தான்.

இங்கிலாந்தில் இன்னும் கடினம். மான்செஸ்டர் சிட்டி 2012 முதல் 2024 வரை 8 முறை சாம்பியன், எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்தது 2019, 2023 மட்டும். மேனேஜர் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டில் 13 பட்டம், டபுள் 1994, 1996, 1999.

வலதுபேக்

அருமையான கணக்கு. ஆனால் எல்லா நாட்டுக் கோப்பையும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தாலியில் முந்தைய சீசனில் முதல் எட்டு இடம் பிடித்த அணிகள் கடைசி 16 அணிகள் இருக்கும் சுற்றில்தான் உள்ளே வருகின்றன. அரையிறுதி இரண்டு ஆட்டம். ஒரு நாள் சறுக்கினாலும் இரண்டாவது ஆட்டத்தில் திருத்தலாம். ஜெர்மனியில் முதல் சுற்றிலிருந்தே பெரிய அணிகளும் ஆட வேண்டும், அதுவும் சிறிய அணியின் மைதானத்துக்குப் போய். எல்லாமே ஒற்றை ஆட்டம். அப்படிப் பார்த்தால் பயர்னின் ஐந்து, யுவென்டஸின் நான்கை விட எனக்குப் பெரிது.

அப்புறம் நாப்போலி. 1986-87ல் மரடோனாவின் அணி தன் முதல் லீக் பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. அந்தக் கோப்பையில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் வெற்றி. அதற்கு முன் லீக்கையே ருசிக்காத அணி முதல் முறையே இரண்டையும் எடுத்தது என்பதை எப்படி மறப்பது? ஏ.சி. மிலான் எத்தனை பெரிய பெயர், அவர்களுக்கு லீக்கும் இத்தாலியக் கோப்பையும் ஒரே சீசனில் அமைந்ததே இல்லை.

கோப்பைஎண்பத்தாறு

லிவர்பூல் ரசிகனாக இதை எழுதுகிறேன். அட்டவணைப்பிரியன் விட்டுவிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. 1973 முதல் 1990 வரை லிவர்பூல் 11 முறை லீக் சாம்பியன். டபுள் எத்தனை? ஒன்றே ஒன்று, 1985-86. கென்னி டால்கிலிஷ் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்த முதல் சீசன். செல்சி மைதானத்தில் பட்டத்தை உறுதி செய்த கோலை அவரே அடித்தார், பந்தை நெஞ்சில் இறக்கி அப்படியே உதைத்தது. ஒரு வாரம் கழித்து எவர்ட்டனோடு இறுதி. லினெக்கர் முதலில் அடித்தும் 3-1 என்று வென்றோம். எவர்ட்டனை நினைத்தால் பாவம்தான். லீக்கில் 2 புள்ளியில் இரண்டாமிடம், கோப்பையிலும் இரண்டாமிடம், இரண்டுமே பக்கத்துவீட்டு அணியிடம்.

ஆனால் டபுள் என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது அது இல்லை, கைவிட்டுப் போன இரண்டு.

1987-88. ஜான் பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்ட்ரிட்ஜ் ஆடிய அணி, 40 லீக் ஆட்டங்களில் இரண்டே தோல்வி. இறுதியில் எதிரில் விம்பிள்டன், 1977ல்தான் லீக்குக்குள்ளேயே வந்த கிளப். பியர்ட்ஸ்லி பந்தை வலைக்குள் தள்ளினார், ஆனால் நடுவர் அதற்குள் எங்களுக்கே ஃப்ரீ கிக் கொடுத்து விசில் ஊதியிருந்தார். கொஞ்ச நேரத்தில் சான்செஸ் தலையால் முட்டி விம்பிள்டன் 1-0. பிறகு எங்களுக்குப் பெனால்டி. ஆல்ட்ரிட்ஜ் உதைத்ததை பீசன்ட் தன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஒரு கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்தது அதுவே முதல் முறை.

அடுத்த வருடம் நேர்மாறு. ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் துயரத்தில் எங்கள் ரசிகர்கள் 97 பேரை இழந்த சீசன் அது. ஆட்டங்கள் தள்ளிப்போய், கோப்பை இறுதி மே 20ல் முடிந்த பிறகும் லீக் பாக்கி இருந்தது. எவர்ட்டனை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்தோம். ஆறு நாள் கழித்து எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் ஆர்சனல். அவர்கள் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம், இல்லையென்றால் எங்களுக்கு டபுள். அலன் ஸ்மித் ஒன்று அடித்துவிட்டார். 90 நிமிடம் முடிந்தபோது 1-0. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் மைக்கேல் தாமஸ் ஓடி வந்து இரண்டாவதைப் போட்டார். இரு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசம்கூட ஒன்றே. அதிகக் கோல் அடித்ததால் பட்டம் ஆர்சனலுக்குப் போனது.

ஒரு வருடம் கோப்பை போனது, மறு வருடம் லீக் போனது. அந்த இரண்டு ஆட்டமும் திரும்பியிருந்தால் நான்கு சீசனில் மூன்று டபுள். இதையெல்லாம் பார்த்தவனிடம் டபுள் மலிவு என்று சொல்லாதீர்கள்.

புதுவரவு11

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஒரே கிளப் இரண்டையும் வென்றால் கோப்பை வென்றவருக்கு ஒதுக்கிய ஐரோப்பிய இடம் யாருக்குப் போகும்? லீக் சாம்பியனும் கோப்பை சாம்பியனும் மோதும் சூப்பர் கோப்பையில் யாரோடு யார் ஆடுவார்கள்?

அட்டவணைப்பிரியன்

முன்பு கோப்பை இறுதியில் தோற்ற அணிக்குப் போகும். லிவர்பூல் 1996லும் நியூகாசில் 1998லும் இறுதியில் தோற்றும், கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியான கப் வின்னர்ஸ் கப்பில் ஆடியது அப்படித்தான், இரண்டு வருடமும் அவர்களை வென்ற அணி டபுள் அடித்ததால். 2015-16 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது லீக் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு.

சூப்பர் கோப்பைக்கு இங்கிலாந்தில் லீக்கில் இரண்டாவது வந்தவர் எதிரில் வருவார். 1961ல் டாட்டன்ஹாமோடு ஆட இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் தேர்வு அணி ஒன்றைத் திரட்டினார்கள். ஸ்பெயினில் 1984ல் அத்லெட்டிக் பில்பாவோவுக்கும் 1989ல் ரியல் மாட்ரிடுக்கும் ஆட்டமே ஆடாமல் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவதுசுற்று

கோப்பைஎண்பத்தாறு எழுதியதைப் படித்தபோது 1972 லீட்ஸ் நினைவு வந்தது. சனிக்கிழமை ஆர்சனலை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அந்த ஆட்டத்தின் கடைசியில் முன்னணி ஆட்டக்காரர் மிக் ஜோன்ஸுக்கு முழங்கை விலகியது. திங்கட்கிழமையே வுல்வ்ஸ் மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம்! ஒரு டிரா போதும், டபுள் கையில். 2-1 என்று தோற்றார்கள். பட்டம் டெர்பி கவுண்டி கிளப்புக்கு. டெர்பி ஆட்டக்காரர்கள் சீசன் முடிந்ததென்று மயோர்கா தீவுக்கு விடுமுறைக்கே போயிருந்தார்கள். டெர்பிக்கு 58 புள்ளி, லீட்ஸ், லிவர்பூல், சிட்டி மூவருக்கும் 57.

கோப்பை இறுதிக்கும் லீக் முடிவுக்கும் இரண்டு நாள் இடைவெளி என்பது இன்றைக்கு யாரும் ஒத்துக்கொள்ளாத கொடுமை. 1961ல் டாட்டன்ஹாம் இறுதிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே லீக் பட்டத்தை உறுதி செய்துவிட்டது, மனம் லேசாகி வெம்ப்ளிக்குப் போனார்கள். வில்லாவுக்கு 1897 ஏப்ரல் 10 அன்று இரண்டும் ஒரே நாளில் அமைந்தது. எவர்ட்டனை 3-2 என்று வென்று கோப்பை, அன்றே மற்ற ஆட்ட முடிவுகளால் லீக்கும். எந்த வரிசையில், எத்தனை நாள் இடைவெளியில் வருகிறது என்பதிலேயே டபுளின் பாதிக் கதை இருக்கிறது.

பின்களம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். என் ஓட்டு பேயர் லெவர்குசன், 2023-24.

இடைவெளியைப் பற்றிப் பேசினீர்கள், இதோ. மேனேஜர் சாபி அலோன்சோவின் அந்த அணி ஜெர்மன் லீக்கான புண்டஸ்லீகாவில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. கிளப் வரலாற்றில் முதல் லீக் பட்டம். எல்லாப் போட்டியும் சேர்த்து 51 ஆட்டங்கள் தோற்காமல் வந்தவர்கள், மே 22 புதன்கிழமை ஐரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டாவிடம் 3-0 என்று நொறுங்கினார்கள். மூன்றே நாளில், சனிக்கிழமை, கெய்சர்ஸ்லாட்டர்னோடு ஜெர்மன் கோப்பை இறுதி. எதிரணி இரண்டாம் டிவிஷன் என்பதால் லேசாக நினைக்க வேண்டாம். சீசனின் முதல் தோல்வி உடம்பில் இன்னும் சூடாக இருக்கும்போது ஆட வேண்டும். ஷாக்கா தூரத்திலிருந்து உதைத்து ஒரு கோல் போட்டார். இடைவேளைக்கு முன்பே கொசூனு சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இரண்டாம் பாதி முழுவதும் பத்து பேரோடு அந்த 1-0ஐக் காப்பாற்றினார்கள்.

இதே கிளப் 2001-02ல் மூன்று ஆட்டம் மிச்சமிருக்க ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தும் லீக்கை டார்ட்மண்டிடம் விட்டது, கோப்பை இறுதியில் ஷால்க்கவிடம் 4-2, சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிடிடம் 2-1. மூன்றிலும் இரண்டாமிடம். 22 வருடம் கேலி கேட்ட கிளப் அது. 2024 வரை லெவர்குசன் ரசிகர் எவரும் டபுளை மலிவாக நினைத்திருக்க மாட்டார்.

வெள்ளைக்கோடு

பெண்கள் அணிகளை யாருமே சொல்லவில்லையே! ஆர்சனல் பெண்கள் அணி 2006-07ல் லீக்கின் 22 ஆட்டங்களையும் வென்று, எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை எல்லாவற்றையும் எடுத்தது. செல்சி பெண்கள் அணி 2024-25ல் 19 வெற்றி, 3 டிரா என்று லீக்கைத் தோல்வியின்றி முடித்து, எஃப்.ஏ. கோப்பையையும் லீக் கோப்பையையும் சேர்த்து வென்றது. கோல்லைன் பிரஸ்டன் செய்ததை இங்கே வேறு யாரும் செய்யவில்லை என்றார். இந்த இரண்டு பெண்கள் அணிகளும் செய்திருக்கின்றன.

இடதுவிங்

ஆர்சனல் 1971தான் எனக்கு முதலிடம், அதில் மாற்றமில்லை. மெக்லின்டாக் கதையைப் படித்த பிறகு இன்னும் அழுத்தமாகவே சொல்கிறேன். லெவர்குசனை இரண்டாவதாக வைப்பேன், அந்த மூன்று நாளுக்காக. பாதிக்குப் பாதி கணக்கு எனக்குப் புதிது. அப்படியென்றால் கோப்பை என்ற போட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, பணத்துக்கு முழுசாகப் பணியவில்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக், ரேஞ்சர்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் வரவில்லை. அங்கே இரண்டு கிளப்தானே மாற்றி மாற்றி எடுக்கின்றன?

வலதுபேக்

அந்த இருவரையும் தாண்டி ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. அபெர்டீன், 1983-84, அதன் மேனேஜர் ஃபெர்குசன் மான்செஸ்டருக்குப் போவதற்கு முன்பு. லீக்கை வென்றுவிட்டு, கோப்பை இறுதியில் செல்டிக்கையே கூடுதல் நேரத்தில் 2-1 என்று முடித்தார்கள். வரிசையாக மூன்றாவது ஸ்காட்டிஷ் கோப்பை அது. ரேஞ்சர்ஸ், செல்டிக், அபெர்டீன் தவிர வேறு எந்த ஸ்காட்லாந்து கிளப்பும் லீக்கையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒரே சீசனில் வென்றதில்லை. என் பட்டியலில் லெவர்குசனுக்கும் மேலே அபெர்டீன்.